கை நடுங்கும் நாளில்: போட்டிப் பதற்றத்தை அளந்து, ஏற்றி, இறக்கும் முறை

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் நடக்கும் கேரம் பயிற்சிக்கும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் குத்துச்சண்டைக் கூடத்துக்கும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பிள்ளைகள் போட்டிக்குக் கிளம்பும்போது துணைக்குப் போவதும் உண்டு. ஒரு சனிக்கிழமை, இரண்டு இடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் போட்டி வந்தது. காலையில் கேரம் பலகையின் முன் உட்காரவிருந்த பெண்ணிடம், கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, உடம்பைத் தளர்த்திக்கொள்ளும்படி சொன்னேன். அவள் நன்றாக ஆடி வென்றாள். அந்தத் தெம்பில், மாலையில் ரிங்குக்குள் ஏறவிருந்த பையனிடமும் அதையே சொன்னேன். அவனும் கீழ்ப்படிந்து தளர்ந்தான். தளர்ந்தவன் தளர்ந்தபடியே முதல் ரவுண்டு முழுவதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைப் போல நின்று குத்து வாங்கினான். கார்னருக்கு வந்தவன், "அண்ணா, இன்னும் உடம்பே சூடாகலண்ணா" என்றான். தவறு என்னுடையது. பதற்றம் என்றாலே குறைக்க வேண்டியது என்று நான் நினைத்திருந்தேன். எவ்வளவு பதற்றம் எந்த ஆட்டத்துக்கு, எந்த ஆளுக்கு வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டு, பிறகே அதை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யும் வழியை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளையும் அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எழுச்சியும் பதற்றமும்

போட்டி நெருங்கும்போது இதயம் வேகமாக அடிப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும், வயிற்றைக் கலக்குவதும், விரல் நுனி மெல்ல நடுங்குவதும் அட்ரினலின் சுரப்பினால் வருபவை. உடம்பு வேலைக்குத் தயாராவதன் அடையாளங்களான இவற்றை மொத்தமாக எழுச்சி என்று சொல்லலாம். அதற்கு நல்லது கெட்டது கிடையாது. திருவிழாவில் தேர் நகரும்போது வருவதும் எழுச்சிதான், நாய் துரத்தும்போது வருவதும் எழுச்சிதான். 'இன்று தோற்றால் மானம் போய்விடும்' என்ற கணக்கை மனம் அதன்மேல் ஏற்றும்போது அது பதற்றமாகிறது. எதிரே இருக்கும் வேலை பெரிது, கையில் இருக்கும் திறமை சிறிது என்று ஒருவர் மதிப்பிட்டுக்கொள்ளும்போது மன அழுத்தம் பிறக்கிறது. அந்த மதிப்பீடு உண்மையா பொய்யா என்பது உடம்புக்குத் தெரியாது.

ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1908இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியக் கற்க வேண்டும்; தவறினால் சிறிய மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமானபோது நடுத்தர அதிர்ச்சியே நன்றாக வேலை செய்தது, அதற்கு மேல் போனால் கற்பது கெட்டது. விளையாட்டு உளவியலில் கவிழ்த்துப் போட்ட கிண்ணம் போல வரையப்படும் வளைகோட்டுக்கு இதுவே மூலம்: எழுச்சி ஏற ஏற ஆட்டம் ஏறும், ஒரு புள்ளியில் உச்சிக்கு வரும், அதைத் தாண்டினால் இறங்கும். எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது எச்சரிக்கை வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும், பளு தூக்குவது போன்ற முரட்டு வேலைக்கு உச்சிப் புள்ளி கூடுதல் எழுச்சியிலும், அம்பெய்வது போன்ற நுண்ணிய வேலைக்குக் குறைந்த எழுச்சியிலும் இருக்கும் என்பதைக் களத்தில் நிற்கும் எவரும் மறுக்க மாட்டார்கள்.

கேரம் நுண்ணிய வேலைகளில் ஒன்று. ஸ்டிரைக்கரைத் தொடும் விரல் நுனியில் வரும் சிறு நடுக்கம், எழுபத்துச் சொச்சம் சென்டிமீட்டர் பலகையின் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது பாக்கெட்டின் வாயையே தவறவிடும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. குத்துச்சண்டைக்குக் கூடுதல் எழுச்சி வேண்டும். ஆனால் கண்மண் தெரியாத அளவுக்குக் கூடாது, ஏனென்றால் எதிராளியின் தோள் அசைவைப் படிக்கும் வேலையும் அதில் இருக்கிறது. கால்பந்து கலவையானது. வியாசர்பாடி மைதானங்களில் பந்தைப் பறிக்கப் பாயும் தடுப்பாட்டக்காரனுக்கு வேண்டிய சூடு, அவனே பதினொரு மீட்டர் தூரத்திலிருந்து பெனால்டி அடிக்க நிற்கும்போது அவனுக்குப் பகையாகிறது.

உங்கள் அளவைக் கண்டுபிடிப்பது

ஆட்டத்துக்கு ஏற்ற அளவு என்று சொன்னது பாதி விஷயம்தான். யூரி ஹானின் என்ற சோவியத் உளவியலாளர், ஒரே விளையாட்டை ஆடும் இருவருக்கும் நல்ல அளவு ஒன்றாக இருப்பதில்லை என்றும், ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு வரம்பு உண்டு என்றும் காட்டினார். சிலர் கொதித்தால்தான் ஆடுவார்கள், சிலர் குளிர்ந்தால்தான். அந்த வரம்பைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

ஒவ்வொரு போட்டிக்கும் கால் மணி நேரம் முன்பு இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று உடம்புக்கு: இதயத் துடிப்பு, வியர்வை, வயிறு, தசை இறுக்கம் எல்லாம் சேர்த்து ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு. மற்றது மனத்துக்கு: தோல்வியைப் பற்றிய கவலை, பிறர் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம் ஆகியவை எவ்வளவு. ஆட்டம் முடிந்ததும், வெற்றி தோல்வியைக் கணக்கில் எடுக்காமல், நீங்கள் ஆடியது எப்படி என்று மூன்றாவது எண்ணை எழுதுங்கள். நான் சொன்ன பெண்ணின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது (போர்டு என்பது ஒரு சுற்று; ரெட் என்பது நடுவிலிருக்கும் சிவப்புக் காய்; பாலோ என்பது ரெட்டைப் போட்டதும் அடுத்துப் போட வேண்டிய தன் காய்): "உடம்பு 7, மனசு 3. உள்ளங்கை ஈரம், கர்ச்சீப் ரெண்டு தடவை. முதல் போர்டில் ரெட் போட்டேன், பாலோ விழவில்லை. ஆட்டம் 8." அதற்கு இரண்டு பக்கம் தள்ளி: "உடம்பு 4, மனசு 8. அப்பா வந்திருக்கார். ஆட்டம் 3." இந்த இரண்டு பக்கங்களைப் பார்த்தாலே அவளுக்கு எதிரி கை வியர்வை அல்ல, கவலை என்று தெரிகிறது. நான் அதுவரை அவள் வியர்வையைக் குறைக்கவே பாடுபட்டுக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு போட்டிகள் எழுதிய பிறகு, நன்றாக ஆடிய நாட்களின் எண்களை மட்டும் தனியே எடுத்து அடுக்கினால் உங்கள் வரம்பு தெரிந்துவிடும்.

உடம்பையும் மனத்தையும் தனித்தனியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடம்பின் எழுச்சி மட்டும் கூடும்போது ஆட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. ஆனால் கவலை ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும்போது உடம்பும் சூடேறினால், ஆட்டம் மெல்ல இறங்காமல் மொத்தமாகச் சரிகிறது. விளையாட்டு உளவியலாளர்கள் லூ ஹார்டியும் ஜான் ஃபேஸியும் 1980களின் பிற்பகுதியில் முன்வைத்த இந்தக் கருத்தை, கேரம் ஆடுகிறவர்கள் ரெட்டைப் போட்ட மறு நொடியில் நேரிலேயே பார்த்திருப்பார்கள். ரெட் விழுந்துவிட்டது, மூன்று புள்ளி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் அடுத்த அடியில் தன் காயைப் போட்டு பாலோ எடுக்காவிட்டால் ரெட் மீண்டும் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடும் காய் அது. ஆனால் அந்த நேரத்தில் தோள் காதுவரை ஏறும், மூச்சு நிற்கும், பார்வை பாக்கெட்டின் வாயில் குத்திட்டு நிற்கும், பாதையில் ஒட்டினாற்போல் கிடக்கும் எதிராளியின் காய் கண்ணில் படாது. எழுச்சி மிகும்போது கவனம் குறுகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ரிங்கில் இதே குறுகல், கார்னரிலிருந்து வாத்தியார் தொண்டை கிழியக் கத்துவது காதில் விழாமல் போவதாக வெளிப்படும்.

அப்படிச் சரிந்த பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். சரிந்தவர் நன்றாகக் கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். ஆகவே பாலோ தவறினால், அந்தப் போர்டின் மீதி அடிகளில் சாகசம் எதுவும் வேண்டாம். பாதுகாப்பான, கைக்குப் பழகிய எளிய காய்களை மட்டும் ஆடுங்கள். ஒரு கேம் என்பது 25 புள்ளி அல்லது எட்டுப் போர்டு. ஒரு போர்டை விட்டுக்கொடுத்து நிதானத்தைத் திரும்பப் பெறுவது நஷ்டக் கணக்கு ஆகாது.

இறக்கும் முறைகள்

உடம்பின் எண் உங்கள் வரம்புக்கு மேலே இருந்தால் மூச்சில் தொடங்குங்கள். மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். இது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் வரும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம் போதும். போட்டி நாளன்று முதல்முறையாகச் செய்து பார்ப்பவருக்கு இது பயன்படாது. இரண்டு மூன்று வாரம் தினமும் செய்து பழக்கினால்தான், பலகையின் முன்னே இரண்டே மூச்சில் பலன் கிடைக்கும்.

தசை இறுக்கம் தீராதவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் வகுத்த முறை உதவும். வலது கையை ஐந்து விநாடி இறுக்கி முஷ்டி பிடித்து, சட்டென்று விட்டு, அரை நிமிடம் அந்தத் தளர்வைக் கவனியுங்கள். பிறகு முன்கை, தோள், தாடை, வயிறு, தொடை என்று போங்கள். தாடையை மட்டும் மறக்க வேண்டாம்; பலர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதே தெரியாமல் ஆடுகிறார்கள். இதை முந்தின நாள் இரவு செய்வதே நல்லது. கை நுணுக்கம் தேவைப்படும் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு முஷ்டியை இறுக்கிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

மனத்தின் எண் உயரமாக இருந்தால் மூச்சு மட்டும் போதாது. கவலைக்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் மாறாத ஒரு வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைப்பது, காயைப் பார்ப்பது, பாக்கெட்டைப் பார்ப்பது, மறுபடி காயைப் பார்ப்பது, மூச்சை விடுவது, அடிப்பது. வரிசையில் மனம் ஓடிக்கொண்டிருக்கும்போது 'தோற்றால் என்ன' என்ற எண்ணத்துக்கு இடம் குறைகிறது. பெனால்டி அடிப்பவருக்கும் இதேதான். நடுவரின் விசில் ஊதியதும் சனியனைத் தொலைத்துவிட்டால் போதும் என்று ஓடி அடிப்பதைவிட, பந்தை வைத்துப் பின்னால் வந்து ஒரு மூச்சு விட்டு ஓடுவது மேல்.

கை நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது என்று யாராவது காதில் சொன்னால் தள்ளியே நில்லுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத்தையும் விரல் நடுக்கத்தையும் அடக்குவதால், துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற ஆட்டங்களில் அவை தடை செய்யப்பட்டுள்ளன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜாங் சு இந்தக் காரணத்தால் தான் வென்ற இரண்டு பதக்கங்களையும் இழந்தார். மேலும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மருந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஏற்றும் முறைகள்

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. நான் கெடுத்த பையனுக்குத் தேவைப்பட்டது இதுதான். மூச்சைச் சிறிது வேகப்படுத்துவது, இருந்த இடத்தில் குதிப்பது, கயிறாட்டம், வாத்தியாரின் பேடில் முப்பது விநாடி முழு வேகக் குத்து, அதன் பிறகு வியர்வை காயாமல் துண்டைப் போர்த்திக்கொள்வது ஆகியவை உடம்பின் எண்ணை ஏற்றும். பாட்டும் ஏற்றும், கானாவோ பறையோ, அவரவர் விருப்பம். போட்டி தாமதமாகும்போது இது மிகவும் முக்கியம். அட்டவணையில் நான்கு மணி என்றிருக்கும், ஆறரைக்குக் கூப்பிடுவார்கள். நான்கு மணிக்கே உச்சிக்குப் போனவன் ஆறரைக்குள் காலியாகியிருப்பான். ஆகவே தன் சண்டைக்கு முன்னால் இன்னும் இரண்டு சண்டைகள் மீதி இருக்கும்போதுதான் சூடேற்றத் தொடங்க வேண்டும்.

எடை பார்ப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளையின் எரிச்சலையும் சோர்வையும் பயம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. முதலில் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்.

ஏறியிருக்கும் எழுச்சியை இறக்காமல், பெயரை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன்பு 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்களே நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சை அமைதி என்று நம்பவைப்பது கடினம், உற்சாகம் என்று நம்பவைப்பது எளிது. முகமது அலியை எங்கள் பக்கத்துப் பழைய குத்துச்சண்டைக்காரர்கள் இன்றும் சொந்தக்காரரைப் போலப் பேசுவார்கள். 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கையுறை மாட்டியதுதான் காரணம். அவர் 1964இல் அப்போதைய உலகச் சாம்பியன் சன்னி லிஸ்டனை எதிர்கொள்ளும் நாளன்று காலையில் எடை பார்க்கும் இடத்தில் போட்ட கூச்சலில், வழக்கமாக 54 இருக்கும் நாடித்துடிப்பு 120க்குப் போயிருந்தது. ஆள் பயந்து செத்துக்கொண்டிருக்கிறார் என்று சுற்றியிருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். அன்றிரவு ஏழாவது ரவுண்டுக்கு எழுந்து வராமல் உட்கார்ந்துவிட்டவர் லிஸ்டன்.

குணத்துக்கு ஏற்ப

அமைதியான பிள்ளையைக் கேரமில் விடு, துறுதுறு பிள்ளையைக் கிளவுஸ் மாட்டிவிடு என்பது நம் தெருக்களில் நிலவும் ஞானம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீரர்களுக்கென்று ஒரே அச்சில் வார்த்த ஆளுமை இருக்கிறதா என்று பல பத்தாண்டுகள் தேடியும் அப்படி ஒன்று உறுதியாகக் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்திலிருந்தே இரண்டு முறை கேரம் உலகச் சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயத்தையும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமாவையும் ஒரே குணச் சட்டத்துக்குள் அடைக்க யாராலும் முடியாது.

குணத்தில் பயனுள்ள ஒரு பிரிவு மட்டும் உண்டு. சிலர் எந்தச் சூழலையும் அச்சுறுத்தலாகப் பார்க்கும் இயல்புடையவர்கள். வேறு சிலர் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட காரணத்தால் மட்டும் பதறுகிறவர்கள். உளவியலாளர் சார்லஸ் ஸ்பீல்பர்கர் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார். ரெய்னர் மார்ட்டென்ஸ் 1977இல் அதைப் போட்டிக் களத்துக்கென்று பதினைந்து வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளாக்கினார். உங்கள் நோட்டில் எல்லாப் போட்டிகளிலும் மனத்தின் எண் ஏழுக்கு மேலேயே இருந்தால் நீங்கள் முதல் வகை. தினசரிப் பயிற்சி தேவை. அப்பா வந்த நாளில் மட்டும் எகிறினால் இரண்டாம் வகை. அப்பாவிடம் பேசினால் போதும்.

கூட்டம்

ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1969இல் தம் குழுவினருடன் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தார். நேர்ப்பாதையில், மற்ற கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை வேகமாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது மெதுவாகின. நன்றாகப் பழகியதைக் கூட்டம் மேம்படுத்தும், பழகாததைக் கெடுக்கும். நம் ஊரில் முதல் போட்டிக்குப் போகும் பையனுக்காக ஷேர் ஆட்டோ பிடித்து முழுத் தெருவே கிளம்பும். அந்த அன்பு அவனுக்குச் சுமை. முதல் நான்கைந்து போட்டிகளுக்கு ஒருவர் மட்டும் போங்கள். தேர்ந்த பிறகு மேளத்தோடு போகலாம். இடையில், பயிற்சியின்போதே வாரம் ஒரு நாள் பத்துப் பேரைச் சுற்றி நிற்கவைத்து, கத்தவைத்து, கிண்டல் செய்யவைத்து ஆடிப் பழகச் செய்யுங்கள்.

உடன் போகிறவர் சொல்லக்கூடாத வாக்கியங்கள் பல உண்டு. 'உன்னை நம்பித்தான் வந்திருக்கோம்' என்பது அவற்றில் முதலாவது. அதற்குப் பதில், அந்தப் பிள்ளை முன்பு இதே போன்ற நிலையில் சமாளித்த ஒரு நேரத்தைத் துல்லியமாக நினைவூட்டுங்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கையை எழுப்புவதில் பாராட்டைவிடத் தான் ஏற்கெனவே செய்து முடித்த காரியத்துக்கே வலு அதிகம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் சொன்னார்.

போட்டி நாள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் பத்து நிமிடப் பயணம் ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரத்தில் சேரும் பதற்றத்தை எந்த மூச்சுப் பயிற்சியும் இறக்காது. ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பழகிய இட்லியையே சாப்பிடுங்கள். புதிதாக எதையும் முயல வேண்டாம். வழக்கமாக ஒரு டீ குடிப்பவர் ஒன்றோடு நிறுத்துங்கள். கைநடுக்கத்துக்குத் துணைபோகும் பொருள் அதில் இருக்கிறது. இடத்தை அடைந்ததும் பலகையையோ ரிங்கையோ ஒருமுறை சுற்றிப் பாருங்கள், விளக்கு எங்கிருந்து விழுகிறது, தரை எப்படி என்று கண்ணுக்குப் பழக்குங்கள். பிறகு நோட்டை எடுத்து எண்களை எழுதி, உங்கள் வரம்போடு ஒப்பிட்டு, மேலே இருந்தால் மூச்சு, கீழே இருந்தால் கயிறு.

போட்டிகள் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், விருப்பமான ஆட்டத்தின் பெயரைக் கேட்டாலே ஒதுங்கும் பிள்ளையிடம் இந்த முறைகளை முயன்று காலம் கடத்த வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையனுக்கு அடுத்த சண்டை மூன்று மாதம் கழித்து வந்தது. அன்று நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவனே நோட்டில் "உடம்பு 4" என்று எழுதிவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.